விடியும் முன் அலறிய தூண்டில்

தூண்டில்காரனுக்கு மிதப்பு மேலே கண் என்பார்கள். பகலில் சரி. கும்மிருட்டில் மிதப்பு எப்படிக் கண்ணுக்குத் தெரியும்? பெரிய மீனோ இருட்டில்தான் இரை எடுக்க வருகிறது. இரவெல்லாம் கண் விழித்துக் காத்திருந்து, விடியற்காலையில் கொஞ்சம் கண் அயரும் நேரம் பார்த்து இரையைக் கொத்திக்கொண்டு போய்விடுகிறது.

இந்தத் தொல்லைக்கு ஓர் ஆங்கிலேயர் வழி கண்டுபிடித்தார். தூண்டில் நரம்பு ஓடும் வழியில் மெல்லிய கம்பி ஒன்றை வைத்தார். மீன் நரம்பை இழுத்தால் கம்பி அசையும். கம்பி அசைந்தால் இரண்டு தகடுகள் ஒன்றையொன்று தொடும். உடனே பாட்டரி மின்சாரம் பாய்ந்து மணி அலறும். தூண்டிலைப் போட்டவர் நிம்மதியாகப் போர்த்திக்கொண்டு படுக்கலாம். மீன் வந்தால் மணி எழுப்பிவிடும்.

அந்த ஆங்கிலேயரின் பெயர் ரிச்சர்ட் வாக்கர். புல் வெட்டும் எந்திரங்கள் தயாரிக்கும் தொழிலில் இருந்த என்ஜினீயர். 1952-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அந்த மணி அவரை எழுப்பியது. அன்று அவர் கரையேற்றிய கெண்டை மீனைப் பற்றி 70 ஆண்டுகள் கடந்தும் பேசுகிறார்கள்.

பிடிபடாத மீன்

கெண்டை என்றதும் நம்மவர்களுக்குக் குழம்புச் சட்டி நினைவுக்கு வரும். நம் ஊர்க் குளங்களில் துள்ளும் சின்னக் கெண்டையும் உண்டு. ஏரிகளில் வளரும் பெரிய கெண்டைகளும் உண்டு. கட்லா, ரோகு, மிருகால் எல்லாமே கெண்டைக் குடும்பம்தான். இங்கே சொல்லப்படுவது சாதாக் கெண்டை. மேல் வாயின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு மீசை. உடம்பு முழுவதும் செதில் இருந்தால் செதில் கெண்டை. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய செதில்கள் பளபளத்தால் கண்ணாடிக் கெண்டை.

இந்த மீனுக்குத் தாடையில் பல் கிடையாது. பல் தொண்டையில் இருக்கிறது. அதனால் இரையைக் கடிக்காது. வாயைக் குவித்து உறிஞ்சும். சந்தேகம் வந்தால் அதே வேகத்தில் துப்பிவிடும். வாயில் போட்டுப் பார்த்துத் துப்பும் மீனை முள்ளில் மாட்டுவது எளிதா? 1950-க்கு முன்பு இங்கிலாந்தில் பெரிய கெண்டையைத் தூண்டிலில் பிடிக்கவே முடியாது என்றே பலரும் நம்பினார்கள். மாட்டினாலும் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விடும் என்றார்கள்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு இருந்தது. 1930-ம் ஆண்டு ஜூலையில் மேப்பர்லி என்ற நீர்த்தேக்கத்தில் ஆல்பர்ட் பக்லி என்பவர் 26 பவுண்டுக் கெண்டையைப் பிடித்தார். ஏறக்குறைய 12 கிலோ. 21 வருடம் அதை யாரும் மிஞ்சவில்லை.

அந்த நாட்டில் தூண்டில் போடுவதிலும் மேல்தட்டு, கீழ்த்தட்டு உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சால்மன், டிரவுட் மீன்கள் பண்ணையார்களுக்கும் பிரபுக்களுக்கும். ஓடுகிற தெளிந்த ஆறு, தனியார் கரை, கை கொள்ளாத கட்டணம். கலங்கிய குளத்து மீன்கள் ஆலைத் தொழிலாளிக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும். அந்த மீன் பிடிப்புக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரே 'முரட்டு மீன் பிடிப்பு' என்ற பொருள் தருவதுதான்! ஷெபீல்டு போன்ற ஆலை நகரங்களில் தொழிலாளர்கள் சங்கம் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் கூட்டமாக ரெயில் ஏறிக் கரைக்குப் போவார்கள். ஆறு நாள் எந்திரச் சத்தம். ஏழாம் நாள் தண்ணீர் ஓரம். வாரம் முழுவதும் உழைத்துவிட்டு ஒரு நாள் விடுமுறைக்கு ஏங்குகிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று ஏக்கர் குளம்

இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் ஹெர்பர்டுஷயர் என்ற மாவட்டம் இருக்கிறது. அங்கே ஒரு பண்ணை நிலத்தில் ரெட்மயர் என்ற குளம். பரப்பு மூன்று ஏக்கர்தான். நம் கிராமத்து ஊருணி அளவு. பெரிய ஏரிகள் எத்தனையோ இருக்க, கெண்டை மீன் வரலாற்றில் இந்தக் குட்டைக்குத்தான் முதல் இடம் கிடைத்தது.

குளத்தில் நீர்ப்பாசி மண்டிக் கிடந்தது. அதைக் குறைப்பதற்காக 1934-ம் ஆண்டு 50 கெண்டைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். விட்டவர்கள் அதோடு மறந்தும் போனார்கள். ஐம்பது குஞ்சுகளும் யார் கண்ணிலும் படாமல் வளர்ந்தன. நடுவில் ஓர் உலகப் போர் வந்து போயிற்று.

1951-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 3-ந் தேதி பாப் ரிச்சர்ட்ஸ் என்பவர் அந்தக் குளத்தில் 31¼ பவுண்டுக் கெண்டையைப் பிடித்தார். 14 கிலோ! 21 வருட சாதனை ஒரே நாளில் உடைந்தது. பிடித்தவர் பேர்போன ஆள் அல்ல. சாதாரண மனிதர். செய்தி வாக்கரின் காதுக்கு எட்டியது. இதுவரை பெயரே கேள்விப்படாத குளத்தில் இப்படி ஒரு மீன் என்றால், இதைவிடப் பெரியது அங்கே இல்லாமலா இருக்கும்?

அந்தச் சமயத்தில் வாக்கரும் நண்பர்களும் சேர்ந்து கெண்டை பிடிப்போர் சங்கம் ஒன்று தொடங்கியிருந்தார்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய உறுப்பினர்கள். ஆளுக்கு ஓர் ஊர். அடிக்கடி கூட முடியாது. ஆகவே கடிதக் கட்டு ஒன்று ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தபாலில் சுற்றி வரும். எந்தக் குளத்தில் எந்த இரைக்கு மீன் வந்தது, ஏன் தப்பியது என்று எழுதி அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். வெற்றியைவிடத் தோல்வியை எழுதுவதில்தான் பாடம் இருந்தது.

வாக்கர் வாங்கின கழியை நம்பவில்லை. சீன மூங்கிலைச் சீவி, ஆறு பட்டைகளாக ஒட்டித் தாமே கழி செய்துகொண்டார். மீன் இழுக்கும்போது கழி நுனி முதல் அடி வரை வளைய வேண்டும், ஆனால் முறியக்கூடாது என்பது கணக்கு. போர்க்காலத்தில் விமான ஆராய்ச்சி நிலையத்தில் ரேடார் வேலை பார்த்த மூளை அது. மணி அடிக்கும் தூண்டிலும் அந்த மூளையில் பிறந்ததுதான்.

பகல் அல்ல, இரவும் அல்ல

1952-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் வாக்கரும் அவருடைய நண்பர் பீட்டர் தாமசும் ரெட்மயர் கரைக்கு வந்தார்கள். 12-ந் தேதி இரவு. இருட்டென்றால் அப்படி ஓர் இருட்டு. கொக்கியில் ரொட்டி மாவும் ரொட்டி ஓடும் சேர்த்துக் குத்தினார் வாக்கர். மாவு கனம், ஓடு மிதக்கும். இரண்டும் சேர்ந்தால் இரை அடிச் சேற்றில் புதையாமல், பாசிக்கு மேலே மெத்தையில் வைத்தது போல உட்கார்ந்திருக்கும். தூண்டிலை வீசி, மணியை மாட்டிவிட்டுப் படுத்தார்கள்.

விடிய இன்னும் நேரம் இருந்தது. மணி ஐந்து அடிக்கவில்லை. தூண்டில் மணி அலறியது.

வாக்கர் பாய்ந்து போய்க் கழியைப் பிடித்தார். மறுமுனையில் ஏதோ ஒன்று ஆற அமர நகர்ந்துகொண்டிருந்தது. சின்ன மீன் துடிக்கும். பெரிய மீன் துடிக்காது, நடக்கும். குளத்தின் நடுப்பக்கம் போயிற்று. திரும்பிற்று. பாசிக்குள் புகுந்தது. கழியை வளைத்துப் பிடித்து, விடாமல் இழுத்து, பாசியிலிருந்து வெளியே கொண்டு வந்தார். அடுத்த ஓட்டம் கரை ஓரத்து முட்புதரை நோக்கி. தண்ணீரில் படர்ந்து கிடந்த முட்கொடிகளில் நரம்பு சிக்கினால் கதை முடிந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கைக்கு மட்டும் தெரிந்தது.

கடைசியில் தாமஸ் வலையை நீட்டினார். மீன் உள்ளே வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து கரையில் இழுத்துப் போட்டபோதுதான் தாங்கள் எதைப் பிடித்திருக்கிறோம் என்பது உறைத்தது. ஐந்து வயதுப் பிள்ளையைத் தூக்குவது போன்ற கனம்.

மீன் உயிரோடு இருக்கிறது. இப்போது என்ன செய்வது?

இங்கேதான் இந்தக் கதை மற்ற மீன் கதைகளிலிருந்து விலகுகிறது. தண்ணீரில் திருப்பி விட்டால் யார் நம்புவார்கள்? மீன் பிடித்தவன் கையை விரித்துக் காட்டும் அளவை எந்த ஊரில் நம்பியிருக்கிறார்கள்? கொன்று பாடம் பண்ணிச் சுவரில் மாட்டலாம். அந்தக் காலத்து வழக்கம் அது. பக்லியின் காலத்தில் அதுதான் பெருமை. வாக்கர் இரண்டையும் செய்யவில்லை. மீனைச் சாக்கில் விட்டுத் தண்ணீரிலேயே கட்டி வைத்தார். காலையில் லண்டன் மிருகக்காட்சி சாலைக்கு டெலிபோன் செய்தார். "உயிரோடு ஒரு கெண்டை இருக்கிறது, வேண்டுமா?" என்று கேட்டார்.

அங்கிருந்து வண்டி வந்தது. தண்ணீர்த் தொட்டியில் மீன் லண்டனுக்குப் பயணமாயிற்று. எடை போட்டுப் பார்த்ததில் 44 பவுண்டு. 20 கிலோ. முந்தைய ஆண்டு சாதனை 31. அதையே அதிசயம் என்றார்கள். ஒரேயடியாக 13 பவுண்டு தாண்டினால் எப்படி இருக்கும்?

கண்ணாடிக்குப் பின்னால் 19 வருடம்

மீனுக்குக் கிளாரிசா என்று பெயர் வந்தது. மிருகக்காட்சி சாலை மீன் தொட்டியில் அது 1971 வரை உயிரோடு இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தார்கள். அவர்களில் சிலர் பிற்காலத்தில் தூண்டிலும் கையுமாக அலைந்தார்கள். பிடிக்கவே முடியாத மீன் என்ற பேச்சு அந்தத் தொட்டியின் முன்னால் செத்தது.

மீனுக்கு இது நல்லதா கெட்டதா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். மூன்று ஏக்கர் குளத்தில் 18 வருடம் ஒளிந்து வாழ்ந்த பிராணிக்கு, மீதி 19 வருடம் கண்ணாடிப் பெட்டி. உயிர் தப்பியது உண்மை. குளம் போனதும் உண்மை.

வாக்கரின் சாதனை 28 ஆண்டுகள் நின்றது. 1980-ம் ஆண்டு ஜூன் மாதம் 16-ந் தேதி அது முறிந்தது. அதே ரெட்மயர் குளம்! பிடித்தவர் கிறிஸ் யேட்ஸ். அன்றைய சட்டப்படி மார்ச் நடுவிலிருந்து மூன்று மாதம் தூண்டில் போடத் தடை. ஜூன் 16 தடை நீங்கும் நாள். அப்போது கடைகளில் கண்ணாடி இழைக் கழிகள் வந்துவிட்டன. யேட்ஸ் அதைத் தொடாமல் பழைய மூங்கில் கழியோடு போனார். இரை, மக்காச்சோள மணி. எடை 51½ பவுண்டு. 23 கிலோவுக்கு மேல். எடை பார்த்து, போட்டோ எடுத்து, மீனைக் குளத்திலேயே விட்டுவிட்டார்.

வாக்கருக்குச் சாட்சியாக மீன் தேவைப்பட்டது. யேட்ஸ் போட்டோவோடு திருப்தி அடைந்தார். 28 வருட இடைவெளியில் வந்த மாற்றம் அதுதான்.

முடியில் தொங்கும் இரை

இதே சமயத்தில் தொழில் நுணுக்கமும் மாறியது. கெண்டை உறிஞ்சித் துப்பும் மீன் அல்லவா? கொக்கியில் இரையைக் குத்தினால் இரும்பு உதட்டில் படுகிறது, துப்பிவிடுகிறது. கெவின் மேடக்ஸ், லென் மிடில்டன் என்ற இருவர் இரையைக் கொக்கியில் குத்தவே இல்லை. கொக்கியின் பக்கத்தில் தலைமுடி போன்ற மெல்லிய இழையில் தொங்கவிட்டார்கள். மீன் இரையை உறிஞ்சும்போது வெறும் கொக்கி பின்னாலேயே உள்ளே போகும். துப்பும்போது இரை வெளியே வரும்; கொக்கி உதட்டில் மாட்டிக்கொள்ளும். இவ்வளவுதான் விஷயம். இதற்கு 'முடி முறை' என்றே பெயர்.

ரொட்டிக்குப் பதிலாக முட்டையும் மாவும் சத்துப் பொருள்களும் பிசைந்து, உருண்டை பிடித்து, வேகவைத்த இரைகள் வந்தன. ஏறக்குறைய நம்மவர்கள் தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து பிடிக்கும் உருண்டைதான். வேகவைப்பது ஒன்றுதான் வித்தியாசம். வெந்த உருண்டையைச் சின்ன மீன்கள் கொத்திக் கரைக்க முடியாது.

அப்புறம் சாதனைகள் கடல் தாண்டின. தெற்குப் பிரான்சில் செயின்ட் காசியன் என்ற நீர்த்தேக்கத்தில் 1987-ல் 34 கிலோக் கெண்டை பிடிபட்டது. ருமேனியாவில் ரடுட்டா ஏரியில் 1998-ல் 37 கிலோ. அதற்குப் பிறகும் எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. எண்ணிக்கை ஏற ஏற, ரெட்மயர் இரவில் இருந்த பரபரப்பு குறைகிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

சிகரெட் பெயர் கொண்ட மீன்

திருப்பி விடும் வழக்கத்தால் ஒரு விசித்திரம் நடந்தது. ஒரே மீன் பல பேரிடம் மாட்டியது! மாட்டியவர்கள் அதை முகம் பார்த்து அடையாளம் கண்டார்கள். பெயர் வைத்தார்கள்.

புளூபெல் ஏரிகள் என்ற இடத்தில் இருந்த மீனுக்குப் பென்சன் என்று பெயர். முதுகுத் துடுப்பில் சிகரெட் சுட்டது போல் ஓட்டை. அதனால் சிகரெட் கம்பெனியின் பெயர். அதற்கு ஹெட்ஜஸ் என்று ஜோடியும் இருந்தது. பக்கத்து ஆற்றில் வெள்ளம் வந்தபோது ஹெட்ஜஸ் போன இடம் தெரியவில்லை. பென்சன் மட்டும் 64 பவுண்டுவரை வளர்ந்தது. 13 வருடத்தில் 60 தடவைக்கு மேல் பிடிபட்டு, 60 தடவையும் தண்ணீருக்குத் திரும்பியது. 2009-ம் ஆண்டு கோடையில் செத்து மிதந்தது. சரியாக வேகாத கோரைக்கிழங்குப் பருப்பை யாரோ இரையாகப் போட்டதுதான் காரணம் என்ற சந்தேகம் எழுந்தது. வேறு காரணம் சொன்னவர்களும் உண்டு. பத்திரிகைகள் மனிதருக்கு எழுதுவது போல இரங்கல் எழுதின. அடுத்த ஆண்டு டூ-டோன் என்ற சாதனை மீன் கென்ட் மாவட்டத்து ஏரி ஒன்றில் முதுமையில் இறந்தது. 67 பவுண்டு. வயது 45 இருக்கும் என்றார்கள். ஏரிக் கரையிலேயே அடக்கம் செய்தார்கள்.

இதைப் படித்து நம்மில் சிலர் சிரிக்கலாம். 30 கிலோ மீனை மண்ணில் புதைப்பதா என்று மனசு பதறலாம். அந்த நாட்டுக்காரர்கள் கெண்டையைப் பொதுவாகச் சாப்பிடுவதில்லை. போலந்து, செக் நாடுகளிலோ கிறிஸ்துமஸ் முதல்நாள் இரவு கெண்டை இல்லாமல் விருந்தே கிடையாது.

ஊட்டி ஏரிக்கு வந்த விருந்தாளி

இந்தக் கெண்டைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டு.

1939-ம் ஆண்டு இலங்கையிலிருந்து கண்ணாடிக் கெண்டைகளைக் கொண்டு வந்து ஊட்டி ஏரியில் விட்டார்கள். இந்தியாவுக்குள் இந்த மீன் வந்த வழி அதுதான். சுற்றுலா போகிறவர்கள் படகு விடும் அதே ஏரி. குளிர் தாங்கும் மீன் ஆகையால் மலையில் நன்றாகப் பெருகியது. அங்கிருந்து வடக்கே மற்ற மலை ஏரிகளுக்கும் போயிற்று. 1957-ல் பாங்காக்கிலிருந்து செதில் கெண்டை கட்டாக் வந்து சேர்ந்தது. சமவெளி ஏரிகளில் பரவியது அதுதான். வாக்கர் பிடித்த மீனுக்கு 20 கிலோ ஏற 18 வருடம் ஆயிற்று. நம் வெயிலில் ஒரே வருடத்தில் ஒரு கிலோ அளவுக்கு வளர்ந்துவிடும்.

கட்லாவும் ரோகுவும்கூடத் தெற்கே பிறந்தவை அல்ல. கங்கைச் சீமையிலிருந்து வந்து காவிரியில் குடியேறியவை. ஏரியில் அவை குஞ்சு பொரிப்பதில்லை. ஓடும் வெள்ளம் வேண்டும். ஆற்றில் குஞ்சு அள்ளி வந்துதான் ஏரியில் விட வேண்டியிருந்தது. 1957-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி ஒரிசாவில் அங்குல் என்ற ஊரில் விஞ்ஞானி ஹீராலால் சவுத்ரி ஊசி மருந்து போட்டுக் கெண்டை இனத்தைக் கட்டுக்குள் முட்டையிட வைத்தார். இன்று பெங்களூர் மார்க்கெட்டில் கிலோ கணக்கில் ரோகு நிறுக்கப்படுவதற்கு அந்த ஒரு நாளின் வேலைதான் காரணம். அந்தத் தேதியை மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

மைசூர்க்காரர்கள் 44 பவுண்டைக் கேட்டு மலைக்க மாட்டார்கள். 1946-ல் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் 120 பவுண்டு மாசீர் பிடித்தார். 54 கிலோ! மாசீரும் கெண்டைக் குடும்பமே. பிடித்தவர் புலித்தோல் பாடம் செய்வதில் பேர்பெற்ற மைசூர்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆனால் அது ஆற்று மீன். காவிரியின் அந்தப் பெரிய திமில் மாசீர் இன்று அழியும் தறுவாயில் இருக்கும் இனங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

அல்சூரில் ஒரு காலை

விடுமுறை நாளில் தூண்டிலும் டிபன் டப்பாவுமாகக் கிளம்ப ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். பெங்களூர் ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமை பெரும்பாலும் ஏலத்தில் விடப்படுகிறது. ஏலம் எடுத்தவர் அனுமதி இல்லாமல் தூண்டில் வீசினால் வீண் வம்பு.

விசாரிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. தண்ணீர்.

கெண்டை அழுக்குத் தாங்கும் மீன். சேற்றைக் கிளறித் தின்னும். மற்ற மீன்கள் மூச்சுத் திணறும் இடத்திலும் பிழைக்கும். ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. சாக்கடை கலக்கும் ஏரியில் பாசி பச்சைப் பசேல் என்று பெருகுகிறது. பகலில் அந்தப் பாசி வெயிலில் பிராணவாயுவை வெளிவிடுகிறது. இரவில் அதே பாசி பிராணவாயுவை இழுத்துக்கொள்கிறது. விடிவதற்குச் சற்று முன்புதான் தண்ணீரில் பிராணவாயு மிகமிகக் குறைவாக இருக்கும். ரெட்மயரில் மணி அடித்த அதே நேரம். அப்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். விவரம் தெரியாதவர்கள் மீன் விளையாடுகிறது என்பார்கள்.

2016-ம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு நாள் காலையில் அல்சூர் ஏரிக் கரைக்கு நடக்கப் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். ஆயிரக்கணக்கான மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு வெள்ளை வெளேரென்று மிதந்தன. படகில் போய் அவற்றைக் குவியல் குவியலாக அள்ளிக் கரை சேர்க்க வேண்டியிருந்தது. அவ்வளவையும் யாரும் எடை போட்டுப் பார்க்கவில்லை.